முப்பத்திநான்கு ‘இல்லை’

இல்லை, இல்லை, இல்லை, இல்லை. முப்பத்திநான்கு கேள்விகள், முப்பத்திநான்கு இல்லை. எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில், ஒரே சாய்வில் டிக் போட்டேன். கல்லூரியில் ரெக்கார்டு நோட்டு எழுதும்போதுகூட என் கை இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், கடலுக்கு அடியில் மணலில் மண்டியிட்டபடி. அடி என்றால் பெரிய ஆழமில்லை, இரண்டு மீட்டர் என்று டைவிங் சொல்லித்தருகிற தனா சொன்னார், எழுந்து நின்று கையைத் தூக்கினால் விரல்நுனி வெளிக்காற்றில் பட்டுவிடும். அப்படியும் மூச்சு என்னவோ பல்லால் கடித்திருக்கும் இந்த ரப்பர் துண்டின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஸ்ஸ்ஸ் என்று உள்ளே, குளுகுளுவென்று வெளியே. இதற்குப் பெயர் ரெகுலேட்டர். எங்கள் வீட்டில் ரெகுலேட்டர் என்றால் காஸ் சிலிண்டருக்கு மாட்டுவது. அம்மா அதை மாட்டிவிட்டு மூக்கைக் கிட்டே கொண்டுபோய் இரண்டு முறை மோந்து பார்ப்பாள், பிறகு என்னையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வாள். அவ்வளவு ஜாக்கிரதைக்காரி. டைவிங் கடையில் உடம்பைப் பற்றிய அந்தக் கேள்வித்தாளை நிரப்பும்போது கிருபா என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார். மனதுக்குள் மட்டும்தான் அவர் கிருபா, வெளியே ‘ஏங்க’. அவர் ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்துச் சிரித்துக்கொண்டே டிக் போட்டார். “கடைசி ஆறு வாரத்துல குழந்தை பெத்தீங்களான்னு கேக்கறாங்க. ஏன் சாரு, நான் பெத்தனா?” கடைக்காரப் பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே ஏழாவது கேள்விக்கு வந்தேன். ஆஸ்துமா, வீசிங், மூச்சிரைப்பு இப்போது உண்டா, எப்போதாவது இருந்ததா. எப்போதாவது. அந்த ஒரு சொல்லில் பேனா நின்றது. அவர் என் தாளை எட்டிப் பார்த்தார். “எல்லாம் இல்லைதான?” என்றார். “இல்லைதாங்க” என்றேன். டிக்.

ஸ்ஸ்ஸ், குளுகுளு. இந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். அதுதான் என்னைப் படுத்துகிறது. இங்கே வருகிறவர்கள் எல்லாருக்கும் புதிதாக இருக்கும் சத்தம் எனக்கு எட்டு வயதிலிருந்து தெரியும். குமாரபாளையத்தில் சிவகுருநாதன் டாக்டர் கிளினிக்கில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பச்சை மாஸ்க்கை மூக்கோடு வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மெஷின் உறுமும். மருந்து புகையாக வரும், நாக்கில் உப்புக் கசப்பு படியும். இந்த ரப்பருக்கும் அதே வாசம், பழைய செருப்பும் டெட்டாலும் கலந்தது மாதிரி. வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் தறிக்குடோன், எட்டுத் தறி. சாயங்காலம் சாப்பிட வரும்போது அப்பாவின் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும், தலையைத் தட்டினால் பஞ்சு பறக்கும், எனக்கு அன்று ராத்திரி நெஞ்சுக்குள் பூனை கத்தும். பூனை என்றுதான் அம்மா சொல்வாள். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “பூன வந்துருச்சு, வண்டிய எடுங்க” என்று அப்பாவை எழுப்புவாள். “பஞ்சுத்தூசிதான் காரணம், இந்த ஊர விட்டு வெளிய போனாப் புள்ளைக்கு சரியாயிடும்” என்று டாக்டர் ஒருமுறை சொன்னதை அம்மா பத்து வருடம் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்து, மலேசிய மாப்பிள்ளை வந்தபோது அவிழ்த்தாள். “அந்த ஊருக்குப் போனாச் செரியாப் போயிரும் கண்ணு. செரியாப் போறத எதுக்கு வாய் தொறந்து சொல்லோணும்?” சரியாகவில்லை. பினாங்கில் பஞ்சு இல்லை, ஆனால் ஈரம் இருக்கிறது, அலமாரியில் தொங்கும் துணியில் பூஞ்சை பூக்கிறது. எட்டு மாதமாகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, இன்ஹேலரைக் குலுக்கி இரண்டு இழுப்பு இழுக்கிறேன். “குழாயத் தொறந்து விட்டுட்டு உள்ள என்னதான் பண்ணுவியோ” என்பார் கிருபா. ஒண்ணுமில்லீங்க என்பேன். இன்று காலையிலும் இழுத்தேன். அது எத்தனை மணி நேரம் தாங்கும், நான்கு, ஆறு? ஏழு மணிக்கு இழுத்தேன், இப்போது பத்தரை இருக்கலாம், தண்ணீருக்குள் நேரம் எப்படிப் போகிறதென்று தெரியவில்லை.

எதிரே கிருபா. அவர் முறை நடக்கிறது. வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுக்க வேண்டும், சின்னச் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு திரும்ப வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் எடுத்துவிட்டார். வாய் ஒரு மீனைப் போலக் குவிந்து குமிழி விடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் பெரிதாகத் தெரிகிறது, அதில் பயமே இல்லை. நீச்சல்குளத்தில் பையன்கள் ஒருவரையொருவர் அழுத்தி விளையாடும்போது முகத்தில் வருமே, அந்தச் சந்தோஷம். இந்த மனிதர் ஆறு வருடமாக ஃபோனில் கடலடி வீடியோ பார்த்துப் பார்த்துத் தூங்கியவர். சிப் டெஸ்டிங் ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஏசி, வெள்ளை அங்கி, முகமூடி. அதிலிருந்து வந்து சோபாவில் விழுந்து ஆமை பார்ப்பார். கல்யாணமாகி வந்த முதல் வாரமே சொன்னார், “ஒரு நாள் நாம ரெண்டு பேரும் போறோம் சாரு. தனியாப் போக வேண்டாம்னுதான் இத்தனை வருசம் போகல.” அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எப்போது சொல்லியிருக்க வேண்டும்? அந்த வாரமா, அல்லது அதற்கும் முன்பு, அவர் அம்மா எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து மிக்சர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “புள்ளைக்கு ஒடம்புக்கு ஏதும் இருக்குதுங்களா?” என்று நேராகக் கேட்டபோதா? அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஒண்ணுமில்லீங்க, காச்சல்னு ஒரு நாள் படுத்ததில்லீங்க.” சமையலறை வாசலில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டிப்போகையில் அம்மா என் கையைக் கிள்ளினாள், வலிக்கிற மாதிரி. அந்தக் கிள்ளலுக்கு அர்த்தம் கோமதியக்கா. பெரியப்பா மகள் கோமதியக்காவுக்கு வலிப்பு. அதையும் சொல்லாமல்தான் கட்டிக் கொடுத்தார்கள். நாற்பத்திமூன்றாம் நாள் ஒரு டெம்போ வந்து நின்றது. கட்டில், பீரோ, சீர்ப் பாத்திரங்கள், கிரைண்டர். கிரைண்டருக்கு மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், இறங்கவே இல்லை. மாப்பிள்ளையின் மாமா தெருவில் நின்று, “ஏமாத்திப்போட்டாங்க, நோவுக்காரியத் தலையில கட்டிப்போட்டாங்க” என்று தறிச்சத்தத்தையும் மீறிக் கத்தினார். யாரோ போய்த் தறியை நிறுத்தினார்கள், அதனால் இன்னும் நன்றாகக் கேட்டது. எனக்கு அப்போது பதினைந்து வயது. அன்று எனக்கும் பூனை வந்தது, தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன், யாரையும் எழுப்பவில்லை.

கிருபா ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டிவிட்டார். தனா கைதட்டுகிறார், தண்ணீருக்குள் தட்டினால் சத்தம் வராது என்று தெரிந்தே தட்டுகிறார். முழுப்பெயர் தனலெட்சுமி, இந்த நாட்டிலேயே, தெலுக் இந்தானில் பிறந்த தமிழ்ப் பெண், நாற்பதுக்கு மேல் இருக்கும், வெயிலில் முடி துரு நிறமாகிவிட்டது. நேற்று படகிலிருந்து இறங்கியதும் இந்த ஊர் வழக்கப்படி வாக்கியத்துக்கு வாக்கியம் ‘லா’ சேர்த்து அவர் தமிழ் பேசியதைக் கேட்டதுமே என் கணக்கு தப்பிவிட்டது. வெள்ளைக்காரன் யாராவது சொல்லித்தருவான், பாதி புரியாது, புரியவில்லை என்று ஒதுங்கிவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். இப்போது எல்லாம் புரிகிறது. காலையில் கடற்கரை மேசையில் உட்கார வைத்து ஒரு பலூனை ஊதிக் காட்டினார். “கீழ பத்து மீட்டர்ல இவ்ளோ காத்து இருக்குன்னு வச்சுக்க தம்பி. மேல வர வர இது ரெண்டு மடங்கு ஆவும். போறதுக்கு வழி இல்லன்னா?” ஊசியால் குத்தினார். நான் துள்ளிவிட்டேன். “இதான் உன் நுரையீரலு. அதனால மூச்ச மட்டும் புடிச்சு வைக்காதீங்க. நான் சொல்றதுல மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல லா, இத மறந்தா நான் ரெண்டு பேர் ஊருக்கும் ஃபோன் போடணும்.” கிருபா சிரித்தார். நான் பலூன் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போவதற்கு வழி இல்லையென்றால். எனக்கு அதுதானே வியாதி? உள்ளே போகும், வெளியே வராது. ‘மூச்சு இழுக்க முடியாததுதான் வீசிங்னு எல்லாரும் நெனைக்கறாங்க, விட முடியாததுதான் வீசிங்’ என்று சிவகுருநாதன் டாக்டர் விசில் ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்துக் காட்டியிருக்கிறார். ஆக, நான் புடிச்சு வைக்காவிட்டாலும் அது தானாகப் புடித்து வைத்துக்கொள்ளும். அப்போதே கையைத் தூக்கியிருக்கலாம். டீச்சர் என்று தூக்குகிற மாதிரி. பிறகு கைச்சாடைகள் வந்தன. விரலை வளையமாக்கினால் எல்லாம் சரி. ஏதாவது சரியில்லையென்றால் கையை விரித்துக் குப்புற வைத்து இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும், ஆட்டிவிட்டு எங்கே என்று தொட்டுக் காட்ட வேண்டும். காது வலித்தால் காது, கால் இழுத்தால் கால். “எங்க, நீ செஞ்சு காட்டு தங்கச்சி.” நான் ஆட்டினேன். “என்னா லா இது, சோத்துல ஈ ஓட்டுறியா? பெருசா ஆட்டு! கடலுக்கடியில வெக்கப்பட்டா மீனுக்குக்கூடத் தெரியாது.” பெரிதாக ஆட்டினேன். பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. காது வரைக்கும் சூடாகிவிட்டது.

இப்போது தனாவின் விரல் என்னைக் காட்டுகிறது. என் முறை. இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட் அழுத்துகிறது, கல்யாணத்தன்று வாடகைக்கு எடுத்துக் கட்டிவிட்ட ஒட்டியாணம் மாதிரி, அதுவும் இப்படித்தான் ஒரு பக்கம் சரிந்து விலாவில் குத்தியது, அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சை உள்ளே இழுக்கிறேன். காற்று வறண்டு, சில்லென்று, தொண்டையை உரசிக்கொண்டு இறங்குகிறது. எடுக்கிறேன். வாய் காலியாகிவிட்டது. உதட்டில் உப்பு. குமிழி விடு, குமிழி விடு, ஒன்று, இரண்டு, கை கீழே தொங்குவதைத் தேடுகிறது, தோளுக்குப் பின்னால் போயிருக்குமோ, மூன்று, குழாய் கிடைத்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டே போய் ரப்பரைப் பிடித்துக் கடித்து, பலமாக ஒருமுறை ஊதி, பிறகு இழுத்தால் தண்ணீர் வராமல் காற்று வருகிறது. வந்துவிட்டது. கிருபா இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறார். மணலிலிருந்து விரல் நீள மீன் ஒன்று எழும்பி, என் முட்டிக்கு அருகில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறது. அடுத்து கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது, அதையும் செய்துவிட்டேன், கண் எரிகிறது, அவ்வளவுதான். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஒருவேளை அம்மா சொன்னதுதான் சரியோ? ஒருவேளை ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு கீழே வந்த பிறகு சரியாகிவிட்டதோ? தனா விரலை வளையமாக்கி என்னைப் பார்க்கிறார், சரியா? என் விரல் தானாக வளைகிறது. சரி. இந்தக் கை எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்டுவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாயில் இருக்கிற ஒண்ணுமில்லை எனக்கு விரலுக்கும் வந்துவிட்டது. தனா ஆழத்தின் பக்கம் கையைக் காட்டுகிறார். அங்கே மணல் சரிந்து போகிற இடத்தில் ஒரு கயிறு, மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு. ஐந்தாவது முடிச்சில் ஒரு சிமெண்ட் கட்டை கிடக்கிறதாம், அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் இன்றைய பாடம் முடிந்தது. நாளைக்குப் படகு, பன்னிரண்டு மீட்டர், ஆமை.

மூன்றாவது முடிச்சில் காது அடைக்கிறது, மூக்கைப் பிடித்து ஊதுகிறேன், டப்பென்று திறக்கிறது. திறந்ததும் கேட்கிறது. மூச்சு வெளியே போய் முடிகிற இடத்தில், கடைசியில், நூல் மாதிரி ஒரு சத்தம். ஈ. அடுத்த மூச்சை நிதானமாக விடுகிறேன். குமிழிகளின் இரைச்சலுக்குப் பிறகு மறுபடியும், ஈ. ரெகுலேட்டராக இருக்கலாம், பழைய ரெகுலேட்டர், எத்தனை பேர் கடித்த ரப்பரோ. சுவாசத்தை வேறு மாதிரி விட்டுப் பார்க்கிறேன், நீளமாக, பிறகு வெடுக்கென்று. நீளமாக விட்டால் கேட்கிறது. பயத்தில் வருகிற சத்தமாகவும் இருக்கலாம், பயந்தால் காதுக்குள் என்னென்னவோ கேட்கும். பரீட்சை ஹாலில் எனக்குத் தறிச்சத்தம் கேட்கும், இதுவும் அப்படித்தான், நான்காவது முடிச்சு, இன்னும் ஒன்றுதான், தொட்டுவிட்டுத் திரும்பினால் முடிந்தது, அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு இழுப்பு. இல்லை, திரும்ப வேண்டுமே. மேலே போக வேண்டுமே. மேலே போகப் போக உள்ளே இருப்பது பெரிதாகும். போவதற்கு வழி இல்லையென்றால்? பலூன் கிழிசல் மேசையில் கிடந்தது, சிவப்பு, உள்பக்கம் ஈரமாக, தனாவின் எச்சில். கிருபா எனக்கு முன்னால் தலைகீழாகத் தொங்கிக் கட்டையைத் தொடுகிறார், திரும்பி என்னை வா வா என்கிறார். இந்த மனிதர் தனியாக வர மனமில்லாமல் ஆறு வருடம் காத்திருந்தார். இங்கே நான் செத்துப்போனால் இவர் என் அம்மாவுக்கு ஃபோன் செய்து என்ன சொல்வார்? நல்லாத்தான் இருந்தா அத்தை, ஃபார்ம்ல எல்லாமே இல்லைன்னுதான் போட்டா. அம்மா அப்போது என்ன சொல்வாள்? அப்போதும் சொல்ல மாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது, அம்மாவை எனக்குத் தெரியும், அழுது புரண்டாலும் அந்த ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள், கிள்ளிக்கொண்டே இருப்பாள். ஈ. நெஞ்சில் பட்டை போட்டுச் சுற்றியது போல இறுகுகிறது. இது ரெகுலேட்டர் இல்லை. பூனைதான். தனா என் முகத்துக்கு எதிரே வந்து நிற்கிறார், விரல் வளையம், சரியா? என் விரல் வளையப் போகிறது. வளையத் தொடங்கிவிட்டது. அதை இடது கையால் பிடித்துப் பிரிக்கிறேன், உண்மையாகவே ஒவ்வொரு விரலாகப் பிரித்து, கையைக் குப்புற விரித்து, ஆட்டுகிறேன். பெரிதாக. தோளிலிருந்து. தனாவின் கண் சுருங்குகிறது. எங்கே? காதா என்று தன் காதைத் தொட்டுக் காட்டுகிறார். நான் தலையாட்டவில்லை. உள்ளங்கையை நெஞ்சின் மேல் வைக்கிறேன். கிருபா பார்த்துக்கொண்டிருக்கிறார். வைத்த கையை எடுக்கவில்லை.

மேலே வருகிற வழி இருக்கிறதே. தனா என் பெல்ட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, தன் வாயிலிருந்து குமிழி விட்டு விட்டுக் காட்டுகிறார், இப்படி விடு, விட்டுக்கொண்டே இரு. சாய்வான மணலோடு ஒட்டி, ஒரு முடிச்சு, நிறுத்தி, மூச்சு, இன்னொரு முடிச்சு, நிறுத்தி. உதட்டைக் குவித்து டாக்டர் காட்டிய மாதிரி ஊதுகிறேன், உள்ளே ஒன்றும் மிச்சம் வைக்காமல், ஈ என்று முடிகிற இடத்தையும் தாண்டி. ஒவ்வொரு முறையும் இதோ இப்போது வெடிக்கும் என்று நினைக்கிறேன். வெளிச்சம் வலை வலையாகத் தலைமேல் ஆடுகிறது. தலை வெளியே வந்ததும் முதலில் கேட்டது பக்கத்து மேசைக் குழந்தைகளின் கூச்சல், அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கால் தரையில் பட்டது, இடுப்பளவு தண்ணீர். “என்னம்மா, காது தானே?” என்றார் தனா. “மொத நாள் எல்லாருக்கும் காதுதான் லா.” கிருபா பின்னாலேயே வந்து கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். “காதாத்தான் இருக்கும்க்கா. பஸ்ல மலை ஏறும்போதே அவளுக்கு அடைச்சுக்கிச்சு. இல்ல சாரு?” இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள், ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வாயிலிருந்த ரப்பரை எடுத்தேன். “ஒண்ணு—” என்று வந்துவிட்டது. விழுங்கினேன். “நெஞ்சு” என்றேன். “எனக்கு வீசிங் இருக்குதுங்க. எட்டு வயசுலேர்ந்து. கல்யாணத்தப்பச் சொல்லல.” ஒரே மூச்சில் இவ்வளவும் சொல்ல முடியவில்லை, மூன்று மூச்சானது. தனாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். “ஃபார்ம்ல இல்லன்னு போட்டியே! படிச்ச புள்ள தானே நீ? அஞ்சு மீட்டருக்கு உன்ன எறக்குறதுக்கு முன்னாடி நான் பலூன் கதை சொல்றேன், கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க! நீ போய்ட்டா நான் ஜெயிலுக்குப் போணும், தெரியுமா?” திட்டிக்கொண்டே என் சிலிண்டரின் வாரை அவிழ்த்தார், திட்டிக்கொண்டே ஈயப் பெல்ட்டைக் கழற்றினார், கை மட்டும் மெதுவாக இருந்தது.  கிருபா என்னைப் பார்க்கவில்லை. அலை வந்து அவர் இடுப்பில் மோதிப் போனது. அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர். டெம்போ, என்று நினைத்தேன். இங்கே டெம்போ வராது, படகுதான் வரும், கிரைண்டரைப் படகில் ஏற்றுவார்களா? இந்த நேரத்தில் எனக்கு எதற்கு இதெல்லாம் தோன்றுகிறது?

“இன்ஹேலர் வச்சிருக்கியா?” என்றார் கிருபா. குரல் அவருடையது மாதிரி இல்லை. ம், என்றேன். “எங்க?” ரூம்ல. “ரூம்ல எங்க?” சொல்ல வேண்டியதில் இதுதான் கஷ்டமாக இருந்தது, எட்டு மாத ரகசியத்தைச் சொன்னதைவிட. “நாப்கின் பாக்கெட்டுக்குள்ள.” அவர் திறக்கவே மாட்டார் என்றுதான் அங்கே வைத்தேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார், பிறகு தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடினார், காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்புகளில் ஒன்றைக் கழற்ற மறந்து, மணலில் விழுந்து, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு. நான் கரையில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கிறேன். தனா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகில் கையை வைத்திருக்கிறார், ஏறி இறங்குவதை எண்ணுகிறார் போல, இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார், இப்போது மலாயில். பூனை நன்றாகவே கத்துகிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தென்னை வரிசைக்கு அந்தப்பக்கமிருந்து கிருபா வருகிறார். இன்ஹேலரை மட்டும் எடுக்கத் தெரியவில்லை, அல்லது தேட நேரமில்லை, நாப்கின் பாக்கெட்டை முழுசாகவே கையில் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார், ஊதாவும் வெள்ளையுமாகப் பெரிய பாக்கெட், கருப்பு ரப்பர் உடையில், சீனக் குடும்பத்துக்கு நடுவில் புகுந்து, ஒருத்தரையும் பார்க்காமல். கடைகளில் நான் இதை வாங்கும்போது பத்தடி தள்ளி நின்று ஃபோன் பார்க்கிற மனிதர். மண்டியிட்டு, பாக்கெட்டைக் கிழித்து, உள்ளே கையை விட்டு, நீல டப்பாவை எடுத்து நீட்டினார். குலுக்கினேன். ஒன்று. பத்து எண்ணும் வரை நிறுத்தினேன். இரண்டு. குழாய்ச் சத்தம் இல்லாமல் இதை இழுத்தது எனக்கே விநோதமாக இருந்தது, இவ்வளவு சத்தமா வரும் இது? நூல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. தனா எழுந்து போய்ப் புதிதாக ஒரு கேள்வித்தாளையும் பேனாவையும் கொண்டுவந்து மணலில் போட்டார். “முதல்லேர்ந்து எழுது. எழுதிட்டு டாக்டர்ட்ட கையெழுத்து வாங்கிட்டு வா, வாங்காட்டி கரையில உக்காந்து படம் புடி. சும்மா சொல்லல.” கிருபா டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார், மேலே ஒட்டியிருந்த மருந்துச் சீட்டைப் படித்தார். “குழாயத் தொறந்து விட்டுட்டு இதத்தான் பண்ணுனியா?” என்றார். ஆமாங்க என்றேன். “எங்கம்மா கேட்டாங்களா அன்னிக்கி?” கேட்டாங்க.  அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, பினாங்குக்குத் திரும்புகிற பஸ்ஸில் தெரியலாம், அடுத்த மாதம் தெரியலாம். பேனாவை எடுத்தேன். ஏழாவது கேள்விக்கு நேராகப் போய் ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன், அது சாய்ந்து கோட்டைத் தாண்டிப் போனது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். “வேற ஏதாவது இருக்கா சாரு?” என்றார் கடைசியில். “இப்பவே சொல்லிரு.” வேறு வியாதி எதுவும் இல்லை, இந்த முறை இல்லை என்றால் அது உண்மையாகவே இல்லைதான், நாக்கு நுனி வரை வந்தது. மூச்சை முழுசாக வெளியே விட்டுவிட்டு, “இருக்குதுங்க” என்றேன். “எனக்குத் தண்ணின்னாலே பயம்.” அவர் கடலைப் பார்த்தார், மணலில் கிடந்த சிலிண்டரையும் ஒற்றைத் துடுப்பையும் பார்த்தார், பிறகு என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார், கிழிந்த பாக்கெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு.